அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகளின் வீட்டாருக்கு

அன்புள்ள அம்மா, அப்பா, தாத்தா, ஆச்சி எல்லாருக்கும் வணக்கம்.

உங்கள் பிள்ளை இப்போது அஞ்சாம் வகுப்பு. நம் பள்ளிக்கூடத்தில் இதற்கு மேல் வகுப்பு இல்லை, அடுத்த ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வேறு இடம் போயாக வேண்டும். அதை ஏப்ரல், மேயில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாமல் இப்போதே எழுதுகிறேன், ஏனென்றால் செய்ய வேண்டியதில் பாதி வீட்டில்தான் இருக்கிறது, அதுவும் ஒரு மாதத்தில் முடிகிற காரியம் இல்லை.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். அஞ்சாவதில் பொதுத் தேர்வு வருமா, ஃபெயில் போடுவார்களா என்று பலர் கேட்டீர்கள். கிடையாது. 2019இல் அப்படி ஓர் அறிவிப்பு வந்தது, 2020 பிப்ரவரியில் ரத்தாகிவிட்டது. 2024 டிசம்பரில் மத்திய அரசு தான் நடத்துகிற பள்ளிகளில் 5, 8 வகுப்புகளில் மறுதேர்விலும் தேறாதவர்களை நிறுத்திவைக்கலாம் என்று விதியை மாற்றியபோதும், நம் மாநிலத்தில் எட்டாம் வகுப்பு வரை எல்லாரும் தேர்ச்சி என்பது அப்படியே இருக்கிறது. ஆனால் என் கவலையே அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. பிள்ளைக்கு வாசிக்க வந்தாலும் வராவிட்டாலும் தேர்ச்சி போட்டு அனுப்பிவிடுவோம், அது ஆறாம் வகுப்பில் முதல் பருவத்திலேயே நாலு பேர் முன்னால் தெரியவரும், அப்புறம் அவன் கூசிப்போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பழகிவிடுவான்.

அதனால் இந்த வருஷம் மார்க்கைப் பார்க்காதீர்கள், வாசிப்பைப் பாருங்கள். பாடப்புத்தகத்தைக் கொடுத்துச் சோதித்தால் தெரியாது. பாடத்தைக் காதால் கேட்டே மனப்பாடம் பண்ணிவிடுகிற பிள்ளைகள் உண்டு. விரல் வரிமேல் ஓடும், வாய் சரியாகச் சொல்லும், ஆனால் நடுவில் ஒரு வார்த்தையைத் தொட்டு இது என்ன என்று கேட்டால், முதல் வரியிலிருந்து மறுபடி சொல்லிக்கொண்டே வந்துதான் அந்த வார்த்தையைப் பிடிப்பார்கள். கடையில் சாமான் மடித்துக் கொடுத்த பழைய பேப்பர் போதும், அதில் அஞ்சு வரி வாசிக்கச் சொல்லுங்கள், வாசித்து முடித்ததும் என்ன விஷயம் என்று கேளுங்கள். உங்களுக்கு எழுத்து தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளை திக்குகிறதா, சொன்னதில் அர்த்தம் இருக்கிறதா என்பது கேட்டாலே புரியும். தினமும் ராத்திரி பத்து நிமிஷம் இதைச் செய்தால் எனக்குப் போதும்.

கணக்கில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். 84ஐ 4ஆல் வகுக்கச் சொன்னால் 21 என்று எல்லாரும் போடுகிறார்கள். 408ஐக் கொடுத்தால் பாதிப் பேர் 12 என்று எழுதிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்கிறார்கள். நடுவில் உள்ள சைபரை விட்டுவிட்டார்கள், விடை 102. நானூறு ரூபாயை நாலு பேருக்குப் பங்கு வைத்தால் ஆளுக்கு எவ்வளவு என்று வாயால் கேளுங்கள், நூறு என்று டக்கென்று சொல்வான். அப்படியென்றால் 408க்கு 12 எப்படிடா வரும் என்று அவனையே யோசிக்க விடுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பருவத்திலேயே விகிதமும் இயற்கணிதமும் வந்துவிடும், அங்கே உட்கார்ந்து வகுத்தல் சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரம் இருக்காது.

இங்கே ஒரே டீச்சர் எல்லாப் பாடமும் எடுப்பதால் பிள்ளையின் முகத்தைப் பார்த்தே காய்ச்சலா, வீட்டில் சண்டையா என்று கண்டுபிடித்துவிடுவார். அங்கே பாடத்துக்கு ஒரு ஆசிரியர், மணி அடித்தால் ஆள் மாறும். என்ன வீட்டுப்பாடம், நாளைக்கு எந்த நோட்டு என்பதைப் பிள்ளைதான் நினைவில் வைக்க வேண்டும். ஆகவே இன்றிலிருந்து பையை நீங்கள் அடுக்க வேண்டாம். மறந்து வந்தால் நாங்கள் அடிக்கவோ வெளியே நிறுத்தவோ மாட்டோம், ஒருநாள் முழித்தால் மறுநாள் தானே எடுத்து வருவான். பஸ் ஏறிப் போக வேண்டிய பிள்ளைகளை லீவு நாளில் ஒன்றிரண்டு தடவை கூட்டிப்போய், போர்டை அவர்களையே வாசிக்கச் சொல்லி, எங்கே இறங்க வேண்டும் என்று காட்டிவையுங்கள். பஸ் பாஸ் உண்டு, ஆனால் இலவச சைக்கிள் பதினொன்றாம் வகுப்பில்தான், அதை நம்பித் தூரத்துப் பள்ளியை முடிவு செய்துவிடாதீர்கள்.

சாப்பாடு விஷயமும் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த காலை உணவுத் திட்டம் 1 முதல் 5 வகுப்புவரைக்கும் என்று போட்டது. ஆறாவதில் மதிய உணவு உண்டு, காலையில் வீட்டில் சாப்பிட்டுத்தான் போக வேண்டும். விடியவே நடவுக்கும் களைக்கும் போகிற அம்மாமாருக்கு இது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். பழைய சோறும் ஒரு துண்டு ஊறுகாயும் போதும், தானே போட்டுச் சாப்பிட இப்போதே பழக்குங்கள், பையனாக இருந்தாலும்.

பெண்பிள்ளைகளின் அம்மாவுக்குத் தனியாக. பத்து வயசு ஆகிறது, சிலர் இந்த வருஷமே வயசுக்கு வரலாம். பஸ்ஸிலோ வகுப்பிலோ ஒன்றும் தெரியாமல் பயந்து அழவிடாதீர்கள், அம்மாவோ ஆச்சியோ சித்தியோ முன்னாலேயே சொல்லிவையுங்கள். சடங்கு வைப்பது உங்கள் வீட்டு விருப்பம், அதற்காக நாள்கணக்கில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் நிறுத்துவது மட்டும் வேண்டாம்.

எந்தப் பள்ளி என்பது அடுத்தது. நான் பேர் சொல்லிச் சிபாரிசு செய்யப் போவதில்லை, ஆனால் வேன் வாசலுக்கு வருகிறது என்பதை மட்டும் வைத்து முடிவு எடுக்காதீர்கள். மருத்துவப் படிப்பில் 2020இல் வந்து, அடுத்த வருஷமே பொறியியல், வேளாண்மை, சட்டம் என்று விரிந்த 7.5 சதவீத இடஒதுக்கீடு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உரியது. அரசு உதவிபெறும் பள்ளிக்கு அது கிடையாது. பாளையங்கோட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் பேர்போன உதவிபெறும் பள்ளிகள் நிறைய இருப்பதால் இதைத் தெரிந்துகொண்டு சேருங்கள். கல்லூரியில் மாதம் ஆயிரம் ரூபாய் தருகிற புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கெடுக்கின்றன, அவற்றில் உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இடம் உண்டு. ஆறாவதில் கடன் வாங்கித் தனியாரில் சேர்த்து, ஃபீஸ் கட்ட முடியாமல் ஒன்பதாவதில் அரசுப் பள்ளிக்குத் திரும்புகிற குடும்பங்கள் நம் பக்கத்தில் இருக்கின்றன, பணமும் போய், இந்தச் சலுகையும் கைவிட்டுப் போகிறது.

இனி எழுதப்போவதைத் தயவுசெய்து இரண்டு தடவை வாசியுங்கள். இங்கே எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற பிள்ளைகள், யார் எந்தத் தெரு என்று பார்த்து விளையாடுவதில்லை. பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனதும் முதல் மாதத்திலேயே பெரிய பையன்கள் கேட்பது, நீ எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீட்டுப் பையன். அப்புறம் கையில் சாதிக்கு ஒரு கலர் என்று ஒரு கயிறு ஏறும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனும் அவன் தங்கையும் வீட்டுக்குள் வைத்து வெட்டுப்பட்டார்கள், வெட்டியவர்கள் கூடப் படித்தவர்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் இந்தக் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்ய வேண்டும் என்றே எழுதியிருக்கிறது. சாமி கயிறுதானே சார் என்று சொல்வீர்கள். சாமி கயிற்றுக்கு எதற்கு நாலு பேருக்கும் ஒரே கலர்? கோயில் கொடைக்கு ஊரோடு எடுக்கிற பனியன், பைக்கில் ஒட்டுகிற ஸ்டிக்கர், வீட்டில் சாப்பிடும்போது அடுத்த தெருக்காரர்களைப் பற்றிச் சொல்கிற ஒரு வார்த்தை, எல்லாவற்றையும் பிள்ளை பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும்தான் இருக்கிறது. இங்கே அஞ்சு வருஷம் ஒரே தட்டில் எடுத்துத் தின்ற கூட்டாளியை அங்கே போய்த் தெரியாதவன்போலக் கடந்து போக வைத்துவிடாதீர்கள். அக்கம்பக்கத்து இரண்டு மூன்று பிள்ளைகளை, எந்தத் தெருவானாலும், ஒரே பள்ளியில் ஒரே பஸ்ஸில் சேர்த்து அனுப்ப முடியுமா என்று நீங்களே கூடிப் பேசுங்கள், நான் கூட இருக்கிறேன்.

லீவைப் பற்றி ஒரு வரி. பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்குப் போய்வாருங்கள், அதை யாரும் தடுக்க மாட்டோம், போகிற சாக்கில் ஒரு வாரம் சொந்தக்காரர் வீட்டில் தங்கவைக்காதீர்கள்.

காகித வேலையை அரையாண்டுக்குள் முடிப்போம். ஆதாரிலும் பிறப்புச் சான்றிதழிலும் பள்ளிப் பதிவேட்டிலும் பேர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும், இங்கே சரிசெய்வது சுலபம், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வந்தபிறகு அலைச்சல்தான். அஞ்சு வயசுக்கு முன்னால் ஆதார் எடுத்தவர்கள் பிள்ளையின் கைரேகையைப் பதிந்தாயிற்றா என்று பாருங்கள். சாதிச் சான்றிதழ் இல்லாதவர்கள் இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். பீடி சுற்றுகிறவர்கள் தொழிலாளர் அடையாள அட்டையைக் கொண்டு வந்தால் பிள்ளையின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க உதவுகிறோம். மாற்றுச் சான்றிதழை நாங்கள் தருவோம், பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் உங்கள் பிள்ளைக்கு இருக்கிற எமிஸ் எண் பிள்ளையோடு அப்படியே போகும், அதற்காக யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம்.

வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சாம் வகுப்பு அறையில் உட்கார்ந்து பேசுவோம். இந்தக் காகிதங்களின் நகலை எடுத்து வாருங்கள், பிள்ளையையும் கூட்டி வாருங்கள், அவனுக்கு எந்தப் பள்ளிக்குப் போக ஆசை என்று அவன் வாயாலேயே கேட்போம். பீடிக் கடையில் சரக்கு கொடுத்துவிட்டு வர நேரமாகும் என்பவர்கள் அவசரப்பட வேண்டாம், ஆறரை மணி வரை நான் இருப்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்