கிற்றாரும் பதினாலு குரலும்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிவிட்டது. பதில் போடாததற்கு மழையைச் சாட்டலாம், ஆனால் நீ நம்ப மாட்டாய். சோம்பல்தான். மழையும் உண்மை. நேற்று டச் பே கடற்கரைப் பக்கம் போனேன், மான்கள் எல்லாம் ஒரு பூட்டின கடையின் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றன. சைக்கிளோடு நானும் போய் அவற்றோடு நின்றேன். ஒன்றுகூட இடம் விடவில்லை. அம்மாவுக்கு முழங்கால் நோ இப்போது பரவாயில்லை. மகள் ஏ.எல். படிக்கிறாள், அதாவது படிப்பதாகச் சொல்கிறாள்.

சரி, நத்தார்ப் பாட்டுகள் என்ன நிலையில் இருக்கின்றன என்று நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். இந்த நத்தாருக்கும் (கிறிஸ்மஸ்) கோயில் பாட்டுக் குழுவை, அதுதான் கொயரை, என் தலையில்தான் கட்டியிருக்கிறார்கள். பதினாலு பேர்: பெண்களில் மேல்குரல் சொப்ரானோ ஐந்து, கீழ்க்குரல் ஆல்ட்டோ நாலு, ஆண்களில் மேல்குரல் டெனர் இரண்டு, கீழ்க்குரல் பேஸ் மூன்று. கீபோர்ட் ஆவணியில் செத்துப்போனது. திருத்தக் கொடுத்த இடத்தில் இரண்டு மாதம் வைத்திருந்துவிட்டு, இருந்த சத்தத்தையும் எடுத்துவிட்டுத் தந்தார்கள். ஆகவே கிற்றார். வாசிப்பவன் இருபது வயதுப் பெடியன். கை சுத்தம், வாய் கொஞ்சம் நீளம்.

நீ அனுப்பிய பாட்டுப் பட்டியலில் பாதியை வெட்டிவிட்டேன், கோபிக்காதே. எல்லாம் ஓர்கனுக்கென்றே பிறந்த பாட்டுகள். அடிக்கு அடி கோர்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) மாறும், ஒவ்வொரு வரி முடிவிலும் நாலு குரலும் நீட்டி நிற்கும். ஓர்கனில் விரலை எடுக்கும்வரை சத்தம் கூடவே நிற்கும். கிற்றாரில் கம்பியைத் தொட்ட கணத்திலிருந்தே அது தேயத் தொடங்கிவிடும். முதல் ஒத்திகையில் உன் பட்டியலின் இரண்டாவது பாட்டைத்தான் எடுத்தோம். நீட்டின இடமெல்லாம் பிள்ளைகள் அந்தரத்தில் தொங்கினார்கள். நாலாவது சரணத்துக்கு வரும்போது முழுக் கொயரும் அரைக் கட்டை இறங்கியிருந்தது. பெடியன் வாசிப்பதை நிறுத்திவிட்டு, "அங்கிள், நான் உங்களிட்ட வரவா, நீங்கள் என்னிட்ட வாறீங்களா?" என்றான்.

அன்றிரவு வீட்டில் இருந்து யோசித்தபோதுதான் இன்னொன்றும் பிடிபட்டது. கிற்றாருக்கு எழுதும் ஸ்வரம் எழுதியதைவிட ஓர் எட்டு, அதாவது ஒரு ஸ்தாயி, கீழேதான் ஒலிக்கும் அல்லவா? அதனால் திறந்த ஆறு கம்பியும், கீழ் ஈ (E) ஸ்வரத்திலிருந்து மேல் ஈ வரை, நம்முடைய பேஸ்காரர் பாடும் எல்லைக்குள்ளேயே கிடக்கின்றன. மூன்று பேஸும் இரண்டு டெனரும் வாயைத் திறந்தால் கிற்றார் அதற்குள் மூழ்கிவிடுகிறது. இவ்வளவு நாளும் நான் பெடியனை "பலமா அடி, பலமா அடி" என்று திட்டிக்கொண்டிருந்தேன், பாவம். இப்போது சரணங்களைப் பெண்கள் மட்டும் பாடுகிறார்கள், அவன் விரலால் கம்பி கம்பியாக மீட்டுகிறான், ஆண்கள் பல்லவிக்கு மட்டும் வருகிறோம். டெனர்காரனான எனக்கே இதைச் சொல்ல வாய் வரவில்லை, ஆனால் நாங்கள் பாடாத இடங்கள்தான் நன்றாக இருக்கின்றன.

நீ போட்டிருந்த ஈ ஃப்ளாட் சுருதிப் பாட்டு இரண்டையும் மட்டும் காப்பாற்றிவிட்டேன். கிற்றார் கழுத்தின் முதல் கட்டத்தில் கப்போ (எல்லாக் கம்பியையும் அழுத்தும் கவ்வி) போட்டு டி கோர்ட் பிடித்தால் ஈ ஃப்ளாட் வந்துவிடுகிறது. கப்போ இல்லாவிட்டால் அவனுக்கு விரல் கழன்றிருக்கும்.

அப்புறம், சைலண்ட் நைட் இல்லாத நத்தாரா? எலி ஓர்கனைக் கடித்ததால்தான் அந்தப் பாட்டைக் கிற்றாருக்கு எழுதினார்கள் என்று ஞாயிறு வகுப்பில் நமக்குச் சொன்னார்களே, அந்த எலி பிற்காலத்தில் யாரோ விட்ட எலி. மற்றது உண்மை. 1816இல் ஜோசப் மோர் எழுதிய கவிதைக்கு, 1818 டிசம்பர் 24ஆம் தேதி ஃபிரான்ஸ் குரூபர் மெட்டமைத்தார். அன்றிரவே ஆஸ்திரியாவின் ஓபர்ன்டோர்ஃப் கோயிலில் மோர் டெனர் பாடிக்கொண்டு கிற்றாரும் வாசித்தார், குரூபர் பேஸ், கடைசி வரிகளை மட்டும் கொயர் திருப்பிப் பாடியது. எங்கள் கொயருக்கு நான் கண்டுபிடித்ததாக நினைத்த ஏற்பாடு இருநூறு வருசத்துக்கு முன்னமே முடிந்த காரியம்! அவர்கள் டி சுருதியில் பாடினார்கள். டியில் எடுத்தால் மேல் ஜி வரை ஏற வேண்டும், எங்கள் சொப்ரானோவில் இரண்டு பேருக்குத்தான் அது எட்டும். சி சுருதிக்கு இறக்கிவிட்டேன்.

இதற்கிடையில் ஒரு பெரியவர், யாரென்று உனக்குத் தெரியும், பெயர் வேண்டாம், கிற்றார் பைலா ஆட்டப் பாட்டுக்குத்தான் சரி, பூசைக்கு ஆகாது என்று சுவாமியிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். 1963இல் வத்திக்கான் சங்கம் கொடுத்த திருவழிபாட்டு ஏட்டை எடுத்துக் காட்டினேன். குழாய் ஓர்கனுக்கு அதில் பெரிய மரியாதைதான். ஆனால் ஆயர்களின் சம்மதத்தோடு மற்ற வாத்தியங்களும் வரலாம் என்று 120ஆம் இலக்கத்தில் இருக்கிறது. பெரியவர் வாசித்துவிட்டு, "பைலா அடிக்காமல் பார்த்துக்கொள்" என்றார். எனக்கு நம் தெரு முனைப் பறங்கி அங்கிள்தான் ஞாபகம் வந்தார். சனிக்கிழமை கலியாண வீட்டில் வயலினோடு சேர்ந்து கப்ரிஞ்ஞா என்ற பறங்கி ஆட்ட இசை வாசிப்பார், ஞாயிறு காலையில் அதே கிற்றாரோடு கோயில் வாசலில் நிற்பார். உனக்கு முதல் மூன்று கோர்ட் அவர்தானே காட்டித் தந்தார்?

தமிழ்ப் பாட்டுகளில்தான் தலையிடி. ஒரு தாலாட்டுப் பாட்டு எடுத்திருக்கிறேன், மோகனம். மோகனத்தில் ம இல்லை, நி இல்லை. சியைச் சட்ஜமாக வைத்தால், எஃப் கோர்ட் போட்ட உடனே ம உள்ளே வந்து குந்திவிடும், ஜி போட்டால் நி வந்துவிடும். ராகத்தைக் கெடுக்காமல் நிற்பவை சியும் ஏ மைனரும் மட்டும். இரண்டு கோர்ட்டில் ஆறு சரணம், கேட்பவர்கள் உறங்கிவிடுவார்கள். (தாலாட்டுத்தானே என்கிறான் பெடியன்.) கடைசியில் கோர்ட்டையே விட்டுவிட்டோம். சட்ஜத்தை டிக்கு மாற்றி, ஆறாம் கம்பியை ஈயிலிருந்து டிக்கு இறக்கினால் அடியில் உள்ள மூன்று கம்பியும் டி, ஏ, டி. அதாவது ச, ப, ச. தம்புரா மாதிரி அதை மட்டும் மெதுவாக மீட்டச் சொன்னேன். ஆல்ட்டோப் பிள்ளைகள் ப-வில் ம்ம் என்று நிற்க, ஒரு சொப்ரானோ தனியே எடுத்தாள். வெளியே மழை. நான் தாளம் போடுவதை மறந்துவிட்டேன்.

நீ இணைப்பு அனுப்பிய 'ரொமான்செரோ கிதானோ'வை மூன்று தரம் கேட்டேன். ஸ்பானியக் கவிஞர் லோர்காவின் கவிதைகள், நாலு குரல், ஒரே ஒரு கிற்றார். 1951இல் அதை எழுதிய காஸ்டெல்நுவோ-டெடெஸ்கோ கிற்றார்க்காரரே அல்ல, பியானோக்காரர் என்கிறார்கள், அதுதான் எனக்கு ஆச்சரியம். எங்களால் ஒரு பக்கம்கூட முடியாது. ஆனாலும் பெடியனுக்கு அனுப்பினேன். அவன் இரண்டு நாளாக வாயைத் திறக்கவில்லை.

ஒன்றே ஒன்று மிச்சம். பூசையில் நன்மை (நற்கருணை) வாங்கும் நேரத்துக்கு, நீயும் நானும் பள்ளிக்கூடக் காலத்தில் பாடின அந்தப் பழைய பாட்டைப் போடலாமா என்று பார்க்கிறேன். பேஸ் வரி எழுதின தாள் கறையான் தின்றுவிட்டது. உனக்கு மனப்பாடம் என்று தெரியும். ஃபோனில் பாடி அனுப்பு, ஸ்காபரோ குளிரில் தொண்டை கரகரத்தாலும் பரவாயில்லை, ஸ்வரம் மட்டும் கேட்டால் போதும். உங்கள் பக்கத்திலிருந்து யாராவது நத்தாருக்கு முன் ஊருக்கு வந்தால் நைலான் கம்பி இரண்டு செட் கொடுத்து விடு. ஸ்டீல் வேண்டாம், இந்த உப்புக் காற்றுக்கு ஒரு மாதத்தில் துரு ஏறிவிடுகிறது.

அன்புடன்,
உன் பழைய டெனர்