செந்திலுக்கு, அப்பா எழுதுவது

செந்தில்,

என் கிட்னி செய்யாத வேலையைச் செய்யும் வயிற்று டயாலிசிஸுக்கான பெட்டிகள் நேற்று வந்து இறங்கின. நீ படித்த அறை முழுக்க இப்போது ஃப்ளூயிட் பேக்தான். சூடாக்க வெந்நீரில் போடட்டுமா என்று அம்மா தினமும் கேட்கிறாள். ஈரம் பட்டால் கிருமி வந்துவிடும் என்று நர்ஸ் சொன்னது அவள் காதில் ஏறவில்லை.

தண்ணீரை வயிற்றுக்குள் விட்டால் ரத்தம் எப்படிச் சுத்தமாகும் என்று கேட்டாயே. அது வெறும் தண்ணீர் இல்லை. சோடியம், கால்சியம், லாக்டேட், அப்புறம் குளுக்கோஸ். உடம்பில் தேங்கிய நீரை அந்தச் சர்க்கரைதான் இழுக்கிறது. கழிவு வயிற்றுச் சவ்வு வழியாகக் கசிந்து அதில் சேர்ந்துவிடும், பிறகு அதை வெளியே வடித்துவிடுவேன். மஞ்சள் பேக்கில் சர்க்கரை 1.5 சதவீதம், பச்சையில் 2.5. கால் வீங்கினால் பச்சை. ஒரு தடவைக்கு 2 லிட்டர், நாளைக்கு 4 தடவை. கொஞ்சம் சர்க்கரை ரத்தத்திலும் ஏறுவதால் எடை கூடியிருக்கிறது. ஆள் தேறிவிட்டேன் என்கிறார்கள் தெருவில்!

நீ பிரஷர் பார்த்தாயா?

வெளியே வடித்த தண்ணீர் உள்ள பேக்குக்குக் கீழே செய்தித்தாளை வைத்துப் பார்ப்பேன். எழுத்து படிக்க வந்தால் சரி. கலங்கியிருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இதுவரை வரி விளம்பரம்கூடத் தெளிவாகத் தெரிகிறது. உள்ளே போனது, வெளியே வந்தது எல்லாம் நீ கோடு போட்டுக் கொடுத்த நோட்டில் எழுதுகிறேன். டாக்டரே அதைப் பார்த்து மெச்சினார், என் பையன் போட்டது என்றேன்.

கிட்னி தருகிறேன் என்று நீ சொன்னதை அம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். எனக்கு உன் கிட்னி வேண்டாம், இப்போதும் அதையேதான் சொல்கிறேன். ஆனால் டாக்டர் உனக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னதிலிருந்து நீ அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். அப்பனிடம் பேச அவ்வளவு என்ன தயக்கம்?

ஆச்சி, சித்தப்பா, இப்போது நான். கிட்னியில் வரும் இந்த நீர்க்கட்டி நோய் பிள்ளைகளுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார் டாக்டர். பாதிப் பேருக்கு வராது என்பதும் அதில்தானே இருக்கிறது. வந்திருந்தாலும் பிரஷரை இப்போதே கட்டுக்குள் வைத்தால் ரொம்ப வருஷம் தள்ளலாம். ஆச்சிக்குப் பிரஷர் பார்க்க ஆள் இல்லை. உனக்கு ஆபீசிலேயே பார்ப்பார்கள். பார். உப்பைக் குறை. ஊறுகாயை நான்தான் அனுப்ப விடவில்லை, அம்மாவைத் திட்டாதே.

ஸ்கேன் ஏற்கெனவே எடுத்திருந்தால் ரிப்போர்ட்டை அம்மாவுக்கு அனுப்ப வேண்டாம், எனக்கு அனுப்பு. மதியம் 1 மணிக்கு பேக் மாற்றுவேன், அப்போது போனைத் தொட மாட்டேன். 2 மணிக்கு மேல் கூப்பிடு.

அப்பா