கொரடாச்சேரியைத் தேடிக் கொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடியிலிருந்து எழுதுகிறேன். நேற்று நம் விரிதாள் (ஸ்ப்ரெட்ஷீட்) மென்பொருளின் புதுப் பதிப்பை நிறுவியதும் முதல் வேலையாக எங்கள் விதைப் பட்டியலைத் திறந்து "கொரடாச்சேரி" என்று தேடினேன். அந்த ஊர்க்காரர்கள் 19 பேரின் பெயரும் வந்துவிட்டது. அப்படியே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். நாங்கள் சில பேர் பாரம்பரிய நெல் விதை பரிமாறிக்கொள்கிறோம். 2 கிலோ வாங்கியவர் அறுவடை முடிந்து 4 கிலோவாகத் திருப்பித் தருவார், நெல் ஜெயராமன் ஐயா இந்தப் பக்கம் பழக்கிவிட்டுப் போன முறைதான். யார், எந்த ஊர், என்ன விதை என்கிற கணக்கெல்லாம் இந்தக் கட்டற்ற விரிதாள் மென்பொருளில்தான் இருக்கிறது. போன ஆடியில் கொரடாச்சேரிக்காரர்களைத் தேடியபோது 11 பேர்தான் வந்தார்கள். அதை நம்பி விதை ஒதுக்கிவிட்டோம். விட்டுப்போனவர்களில் ஒரு பெரியவர் நாற்றங்கால் உழுதுபோட்டு மாப்பிள்ளைச் சம்பாவுக்காகக் காத்திருந்திருக்கிறார். "பரவாயில்ல தம்பி, கடையில பொன்னி வாங்கிப் போட்டுட்டேன்" என்றார். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அந்த வேகத்தில்தான் மென்பொருளின் வழுக்களை, அதாவது பிழைகளை, பதிந்துவைக்கும் பக்ஸில்லா தளத்தில் கணக்குத் தொடங்கி "தமிழில் தேடல் வேலை செய்யவில்லை" என்று ஒரே வரியில் போட்டேன். அதை வைத்து யாராலும் எதுவும் செய்ய முடியாது என்று இப்போது தெரிகிறது. வந்த வழுக்களைப் பார்த்துப் பிரித்துவைக்கும் அக்கா அதை மூடிவிட்டுப் போயிருக்கலாம். மூடவில்லை. எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், என்ன வரும் என்று நினைத்தீர்கள், என்ன வந்தது, பெரிய பட்டியல் வேண்டாம், பிரச்சினை தெரிகிற இரண்டே வரி போதும் என்று பொறுமையாகக் கேட்டார். "தகவல் தேவை" என்று குறித்துவைத்தார். நடுவே நடவு வந்து நான் மூன்று வாரம் திரும்பிப் பார்க்கவில்லை, அவர்தான் மறுபடி ஞாபகப்படுத்தினார். அந்த இரண்டு வரிக் கோப்பைப் பார்த்ததும் காரணத்தைச் சொன்னவரும் அவரே. கண்ணுக்கு ஒரே "கொ"தான், ஆனால் கணினியில் எழுத்துகளுக்கான பொதுக் குறியீடான யூனிகோடில் அந்த ஒகரத்தை ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் வைக்கலாம், இரண்டையும் சமமாகவே பார்க்க வேண்டும் என்பது யூனிகோடு விதி. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த பட்டியலை யூனிகோடாக மாற்றியபோது அந்த இரண்டாவது வகை உள்ளே வந்திருக்கிறது, அப்படி வந்தவைதான் தேடலில் விட்டுப்போயிருக்கின்றன.

அப்புறம் ஒருநாள் என் வழுவை "டூப்ளிகேட்", அதாவது ஏற்கெனவே பதிவானது, என்று மூடிவிட்டார்கள். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் எதனுடன் சேர்த்தார்கள் என்று போய்ப் பார்த்தால் ஒரு மலையாளத்துக்காரர் இதையே முன்பே எழுதிவைத்திருக்கிறார், அவர்கள் ஒகரமும் நம்முடையதைப் போலவே பிரியும், வங்காளத்திலும் அதே கதை. தனித்தனியாகக் கிடந்திருந்தால் இது தமிழ்ப் பிரச்சினை, அது மலையாளப் பிரச்சினை என்றே போயிருக்கும். சேர்த்துவைத்தவர் செய்தது பெரிய வேலை.

தஞ்சாவூர்த் தம்பிக்குத் தனியாக நன்றி. பழைய பதிப்பில் இந்தத் தேடல் சரியாக இருந்தது என்று கண்டுபிடித்ததே அவர்தான். சரியாக இருந்த இடத்துக்கும் கெட்டுப்போன இடத்துக்கும் நடுவே பாதியில் நிறுத்திச் சோதிப்பது, எந்தப் பாதியில் கோளாறோ அதை மறுபடி பாதியாக்குவது, கிட் பைசெக்ட் என்பார்கள். ஆயிரம் மாற்றம் இருந்தாலும் பத்துச் சோதனையில் முடிந்துவிடும். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு சோதனைக்கும் அவ்வளவு பெரிய நிரலை அவருடைய மடிக்கணினியில் ஓடும்படி தொகுக்க (கம்பைல் செய்ய) வேண்டும், அதுவும் விடுதியில் கரண்ட் போகாமல் இருந்தால். பரீட்சை நேரத்தில் ஐந்து ராத்திரி விழித்திருந்தார். தேடலை வேகமாக்கச் செய்த ஒரு மாற்றத்தில், இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்கிப் பார்க்கிற படி விடுபட்டிருந்தது.

அந்த மாற்றத்தை எழுதியவர் தாமே வந்து, ஒரு வார்த்தை விவாதம் இல்லாமல் சரிசெய்தார். திருத்தியவர் பெயர் வெளியீட்டுக் குறிப்பில் வந்திருக்கிறது, அதற்கு அவர் முழுத் தகுதியானவர். அக்கா பெயரும் தம்பி பெயரும் அதில் இல்லை, அதனால்தான் இந்த மடல். எங்கள் இரண்டு வரிக் கோப்பைத் தானியங்கிச் சோதனையிலும் சேர்த்திருக்கிறார்கள், இனி யார் நிரலை மாற்றினாலும் முதலில் கொரடாச்சேரி கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுமாம்.

பெரியவருக்கு இந்த ஆடியில் முதல் ஆளாக விதை எடுத்துவைத்தாயிற்று. அக்கா, தம்பி, இருவரும் விலாசம் மட்டும் அனுப்புங்கள். தை அறுவடை முடிந்ததும் மாப்பிள்ளைச் சம்பா அரிசி வீடு தேடி வரும்.