பழைய தேவாலயச் சுவருக்குச் சீமெந்து பூசினது சம்பந்தமான புகார்

வாடிக்கையாளர் பிரிவுக்கு வணக்கம்,

திருகோணமலையில நாங்க லீஸுக்கு எடுத்த பழைய தேவாலயக் கட்டடத்தை எங்கட டிசைன், வீடியோ வேலைக்கு ஒஃபிஸா மாத்தித் தரச்சொல்லி உங்கட கொம்பனிக்குத்தான் வேலை குடுத்தனாங்கள். வயரிங், கண்ணாடித் தடுப்பு எல்லாம் வடிவா வந்திருக்கு, அதில குறை ஒண்டுமில்லை. பிரச்சினை சுவர்தான்.

கொட்டேஷன்ல சுண்ணாம்புச் சாந்துப் பூச்சு எண்டு எழுதி அதுக்குத்தான் காசும் வாங்கினீங்கள், ஆனா உள்சுவர் முழுக்கச் சீமெந்து பூசி மேல எமல்ஷனும் அடிச்சு விட்டிருக்கிறீங்கள். பீடம் இருந்த பக்கம் இப்ப பெயின்ற் கொப்புளிச்சு நிக்குது, விரல் பட்டாலே உரியுது, உள்ளுக்கு வெள்ளையா உப்புப் பூத்திருக்கு, தட்டிப் பாத்தா பொள்ளல் சத்தம் கேக்குது. எடிட்டிங் மேசையைக் காலமை துடைச்சா பின்னேரம் திரும்பவும் தூள், கம்ப்யூட்டருக்குள்ளயும் அதுதான் போகுது.

உங்கட சுப்பவைசர் வந்து பாத்திட்டு, கடல் காத்துக்கு இப்பிடித்தான் இருக்கும், ஏசியைப் போடுங்கோ எண்டு சொல்லிட்டுப் போயிட்டார். அந்தச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும், நிலத்தால ஏறுற ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு வெளிய விடும், சீமெந்து விடாது, ஈரம் உள்ளுக்கயே நிண்டு உப்பு பூச்சைத் தள்ளும், போகப்போகக் கல்லும் மாவாக் கொட்டும். ஊர்ல பழைய வீடு திருத்துற மேசன்மாருக்கே தெரிஞ்ச விசயம் இது. சுண்ணாம்பு காத்துப் பட்டு மெல்ல மெல்லத்தான் இறுகும், அந்த நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் சீமெந்துக்குப் போனீங்கள் எண்டு நினைக்கிறன்.

பழைய கட்டடத்தில இப்பிடிச் செய்யலாமோ எண்டு உங்கட ஆக்களிட்டக் கேட்டா, 1815க்கு முந்தின கட்டடம்தான் தொல்பொருள் சட்டத்தில தானா வரும், இது அதுக்குப் பிந்தினது, ஒருத்தரும் கேக்க மாட்டினம் எண்டு பதில். சட்டம் கேக்காட்டியும் நாங்க கேப்பம். இந்த ஊர்ச் சனம் தலைமுறையாக் கும்பிட்ட இடம், கல்யாணம் முடிச்ச இடம், அந்தச் சுவரைப் பழுதாக்காமப் பாப்பம் எண்டு ஆலயச் சபைக்கு எழுதிக் குடுத்துத்தான் லீஸ் எடுத்தனாங்கள்.

அதால, உங்கட செலவில சீமெந்தைக் கழட்டித் தாங்கோ, உடைக்கிற பிரேக்கர் மெஷின் போடாம கையாலதான், இல்லாட்டிச் செங்கல்லும் சேர்ந்து உடையும். சுவரை நல்லாக் காய விட்டுச் சுண்ணாம்புச் சாந்து பூசி வெள்ளையடிச்சுத் தரவேணும். ஒக்டோபர்ல வாடைக்காத்து மழை தொடங்க முதல் கழட்டுற வேலையாவது முடியவேணும். அதுவரை மிச்சக் காசு கட்ட மாட்டம். பதிலை ஃபோன்ல சொல்லாம எழுத்தில அனுப்புங்கோ, எந்தச் சுண்ணாம்பு, ஆர் மேசன் எண்டதையும் அதில போடுங்கோ.