பார்க்க ஒன்றுமில்லையாம்!

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன இதழில் வந்த மொரீஷியஸ் பயணக் கட்டுரையைப் படித்தேன். கடல், மணல், தேனிலவு ஜோடிகள், எல்லாம் சரி. கடைசி இரண்டு நாளைத் தலைநகர் போர்ட் லூயிஸில் கழித்ததாகச் சொல்லிவிட்டு, "கோடான் கடைகளை விட்டால் துறைமுகத்தில் பார்க்க ஒன்றுமில்லை" என்று ஒரே வரியில் முடித்திருக்கிறாரே உங்கள் கட்டுரையாளர், அதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

அந்தக் கடைகளிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஆப்ரவாசி காட். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்தவர்கள் ஏறிய கல்படி அங்கேதான் இருக்கிறது. 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இடம், உங்களுக்குத் தெரியாததா? மோக்காவில் மகாத்மா காந்தி நிலையத்தில் வைத்திருக்கும் பழைய பதிவேட்டில் என் கொள்ளுத்தாத்தாவுக்கு ஓர் எண் போட்டிருக்கிறது. பெயரை எழுத்தர் தப்பாக எழுதிவிட்டார். அந்தத் தப்புதான் இன்றைக்கு எங்கள் குடும்பப் பெயர்.

அந்தப் பெயரோடு நான் முதல்முறை சென்னைக்கு வந்தபோது, விடுதி வரவேற்பில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும், நான் தமிழில் கேட்ட எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லி, கடைசியில் "உங்களுக்கு யார் மேடம் தமிழ் சொல்லிக்கொடுத்தாங்க?" என்றார். 28 வருஷம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான்.

கட்டுரையாளர் கோடானில் எண்ணிக் கொடுத்த ரூபாய் நோட்டையாவது ஒருமுறை பார்த்திருக்கலாம். அதில் தமிழ் இருக்கிறது. 1998-இல் புது நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கினார்கள். நாங்கள் விடவில்லை, அச்சடித்த நோட்டுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பிரெஞ்சு ஆளுநர் லாபூர்தொனே ஆட்சியில் இந்தத் துறைமுக ஊரைக் கட்டப் புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களும் தச்சர்களும் வந்தார்கள், அது 1730-களில், கூலிகள் வருவதற்கு நூறு வருஷம் முன்னால். ஊரின் மலையடிவாரத்தில் ஒரு பேட்டைக்குப் பெயரே திராங்கெபார். வேறொன்றுமில்லை, நம்ம தரங்கம்பாடிதான்! டாக்ஸிக்காரரைக் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பார்.

உங்கள் பத்திரிகைக்கும் இது புதிதல்ல. மூன்று வருஷம் முன்பு எங்கள் காவடிப் படத்தைப் போட்டு, கீழே "வட இந்தியர் திருவிழா" என்று அச்சடித்தீர்கள். அப்போதும் எழுதினேன், பதில் வரவில்லை. தைப்பூசத்துக்கு இங்கே எத்தனையோ வருஷமாக அரசு விடுமுறை. உங்கள் ஊரில் 2021-இல்தான் விட ஆரம்பித்தார்கள் என்று கேள்வி.

சரி, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் இரண்டு வரி போடுங்கள்: ஆப்ரவாசி காட்டுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள், மூடியிருக்கும். (ஞாயிறு மதியம் போர்ட் லூயிஸ் முழுக்கவே அப்படித்தான். அவர் போனது அன்றைக்கென்றால் பாதி மன்னித்துவிடுகிறேன்.)

என் பெயரைப் போட வேண்டாம். ஏற்கெனவே ஒருமுறை தப்பாக எழுதியாயிற்று.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்