எங்கள் பக்கத்தில் லாபக் கணக்கு ஏன் வருவதில்லை?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "எந்த மியூச்சுவல் ஃபண்ட் எவ்வளவு கொடுத்தது என்று உங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் ஒன்றுமே போடுவதில்லையே?" என்று ஆனித் தேரோட்டச் சமயத்தில் அலுவலகத்துக்கு வந்த பலரும் கேட்டார்கள். போட மாட்டோம். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியில் பதிவு பெற்ற எங்களைப் போன்ற முதலீட்டு ஆலோசகர் தம் பழைய வெற்றிக் கணக்கைத் தம் விருப்பப்படி விளம்பரத்தில் காட்டக் கூடாது. லாபம் நிச்சயம் என்று வாக்குக் கொடுக்கவும் கூடாது. சமூக ஊடகப் பதிவும் விளம்பரத்தில்தான் சேரும். விதி இல்லாவிட்டாலும், பாளையங்கோட்டையில் ஓய்வூதியம் வாங்கும் ஆசிரியருக்கும் மஸ்கட்டில் வேலை பார்க்கும் வள்ளியூர்ப் பையனுக்கும் ஒரே பதிவில் என்ன ஆலோசனை சொல்ல முடியும்?

எனவே அங்கே வருவதெல்லாம் கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு), நாமினி (நமக்குப் பின் பணத்தைப் பெற நாம் குறிப்பிடும் ஆள்), வரி கட்டும் தேதி போன்ற பொதுச் செய்திகள்தாம். அலுப்பாகத்தான் இருக்கும்; நாமினி போடாமல் போனவரின் வீட்டார் அலைவதைப் பார்த்தவர்களுக்கு அலுக்காது. உங்கள் பணத்தைப் பற்றிய பேச்சு நேரிலோ தொலைபேசியிலோ நடக்கும். முடிவானது மின்னஞ்சலில் எழுத்தாக வரும்.

நீங்களும் பதிவின் கீழே "என் 15 லட்சத்தை எதில் போடலாம்?" என்று கேட்காதீர்கள். நாங்கள் பார்ப்பதற்குள் வேறு யாராவது உங்களுக்குத் தனியாகச் செய்தி அனுப்பிவிடுவார்கள். குடும்பக் குழுவில் முதலீட்டு அறிக்கையைப் பகிர்கிறவர்கள் பான் எண்ணையும் ஃபோலியோ எண்ணையும் (ஃபண்ட் நிறுவனத்தில் உங்கள் கணக்கு எண்) மறைத்துவிடுங்கள்.

அண்மையில் ஒரு வாடிக்கையாளர் கைப்பேசியைக் கொண்டுவந்து காட்டினார். அவரைக் கேட்காமலே ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்திருந்தார்கள். எங்கள் சின்னம், எங்கள் பெயர், ஓர் எழுத்து மட்டும் கூடுதல். காலையில் 'சார்' ஒரு பங்கின் பெயரைச் சொல்கிறார். மாலையில் ஆளாளுக்கு லாபப் படம் போட்டு நன்றி சொல்கிறார்கள். நஷ்டப்பட்டவர் ஒருவர்கூட இல்லாத பங்குச் சந்தையை நாங்கள் கண்டதில்லை. இத்தகைய குழுக்களில் முதலில் சிறு தொகையை எடுக்க விடுவார்கள். பெரிய தொகை உள்ளே போனதும், வரி கட்டினால்தான் எடுக்கலாம் என்பார்கள். லாபத்துக்கான வரி அரசுக்குப் போவது. அதைக் குழு நடத்துகிறவரிடம் முன்கூட்டிக் கட்டச் சொன்னால் ஏமாற்று என்றே கொள்ளுங்கள்.

நாங்கள் யாரையும் எந்தக் குழுவிலும் சேர்ப்பதில்லை. முதலீட்டுப் பணம் ஃபண்ட் நிறுவனத்தின் கணக்குக்கே போகும். எங்களுக்கு வருவது கட்டணம் மட்டும். அதுவும் நிறுவனத்தின் கணக்குக்கு, தனி ஆள் பெயருக்கு அல்ல. ஐஎன்ஏ என்று தொடங்கும் எங்கள் பதிவு எண்ணைச் செபி இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

பணம் போய்விட்டதென்றால் வெளியில் சொல்ல வெட்கப்பட்டு இருந்துவிடாதீர்கள். உடனே இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் பல கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் சொன்னால் வங்கியில் முடக்கிவைக்க வழி உண்டு. பிறகு எங்களைக் கூப்பிடுங்கள். புகார் எழுத உடன் இருக்கிறோம்.

இப்படிக்கு,
அலுவலகத்தார்,
வண்ணார்பேட்டை, திருநெல்வேலி.