போனில் சொல்ல வராதது

அன்புள்ள பாப்பா,

மூன்று வாரமாக நீ அம்மாவோடு மட்டும் பேசிவிட்டு போனை வைத்துவிடுகிறாய். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று உனக்கும் தெரியும். "அப்பாகிட்ட தரட்டுமா?" என்று அவள் கேட்டதும் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. சரி, பேசத்தான் முடியவில்லை, எழுதவாவது எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

ஈசிஜி எடுத்தாயா? "இந்த வயசுல யாரும்மா எடுப்பாங்க" என்று அம்மாவிடம் சொன்னாயாம். எடுத்துவிடு. ஒரு இதய மருத்துவரைப் பார்த்து, மாரத்தான் ஓடப்போகிறேன் என்று சொல்லி, அவர் எக்கோ, டிரெட்மில் டெஸ்ட் எது சொன்னாலும் செய்துகொள். அரை நாள் லீவு போட்டால் முடிந்துவிடும்.

நன்கொடை கேட்டு நீ எழுதியிருந்ததை சித்தி அனுப்பித்தான் பார்த்தேன். எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறாய், எனக்கு மட்டும் இல்லை. நாலு தடவை படித்தேன். நீ வேலையில் சேர்ந்த முதல் மாதம் செய்த தப்பை, உன்னோடு வேலை பார்த்த அந்தப் பெண் யாருக்கும் தெரியாமல் ராத்திரி வரை கூட இருந்து சரிசெய்து கொடுத்தது, புற்றுநோய்க்கு கீமோ ஏறிக்கொண்டிருக்கும்போதே உன் அறிக்கையைத் திருத்தி அனுப்பியது, கடைசி வாரம் அவளுடைய நாற்காலியை யாரும் எடுக்கவிடாமல் நீ காவல் காத்தது. இதில் ஒன்றையாவது நீ என்னிடம் சொன்னதுண்டா? ஆபீசில் ஒரு அக்கா நன்றாகப் பழகுவாள் என்று மட்டும்தான் தெரியும். பணம் இல்லாமல் சிகிச்சையைப் பாதியில் விடுகிறவர்களுக்காக ஓடுகிறேன் என்று முடித்திருந்தாய். அந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். பெயர் போடாமல் ஒரு தொகை வந்திருக்கும், அது நான் போட்டது.

உன்னிடம் கேட்க முடியாததால் நானே தேடித் தேடிப் படித்தேன். 30 கிலோமீட்டர் தாண்டும்போதுதான் பலருக்கு உடம்பில் சேர்ந்திருக்கும் சர்க்கரை தீர்ந்து கால் ஈயமாகிவிடுகிறதாம். பயிற்சியில் 32-க்கு மேல் போகாதே, கடைசி இரண்டு மூன்று வாரம் ஓட்டத்தைக் குறைத்துவிடு. புது ஷூவை அன்றைக்குப் போட்டுக்கொண்டு போகாதே. முழங்கால் வலிக்கிறது என்று முன்கூட்டியே வலி மாத்திரை போடாதே, அந்த வெயிலிலும் வியர்வையிலும் சிறுநீரகத்துக்குக் கெடுதல். சின்ன வயதில் தண்ணி குடி, தண்ணி குடி என்று உன் பின்னாலேயே திரிந்தவன் நான். இப்போது பார்த்தால், தாகம் இல்லாமல் குடித்துக்கொண்டே இருந்தாலும் ரத்தத்தில் உப்பு குறைந்து ஆபத்தாகிவிடுமாம். தாகத்துக்குக் குடி. காய்ச்சல் இருந்தால் அந்த வாரம் ஓடவே கூடாது, வைரஸ் இதயத்தசையைத் தாக்கியிருந்தால் வெளியே தெரியாது. அதற்கும்தான் சொல்கிறேன், ஈசிஜி எடு.

டெர்ரி ஃபாக்ஸ் என்ற பையனைப் பற்றியும் படித்தேன், உனக்குத் தெரிந்திருக்கும். புற்றுநோயில் ஒரு காலை இழந்தவன், புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட 1980-ல் செயற்கைக் காலோடு கனடாவைக் குறுக்கே ஓடிக் கடக்கக் கிளம்பினான். தினமும் ஏறக்குறைய ஒரு மாரத்தான், 143 நாள், 5,373 கிலோமீட்டர். செப்டம்பர் 1 அன்று நெஞ்சு வலித்தது, ஓட்டத்தை நிறுத்தி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சொன்னான். நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. மறு வருடம் போய்விட்டான், 22 வயது. கனடாவில் ஆளுக்கு ஒரு டாலர் என்று அவன் கேட்ட தொகை அதற்குள் சேர்ந்துவிட்டது. பாதியில் நின்றான் என்று அவனை யாரும் சொல்லவில்லை, பாப்பா. உனக்கும் நெஞ்சில் ஏதாவது அழுத்தினால், தலை சுற்றினால், அந்த இடத்திலேயே நின்றுவிடு. அக்கா பெயர் சட்டை முதுகில் இருக்கிறதே, முடிக்காமல் எப்படி என்று யோசிக்காதே. நின்றுவிடு.

எத்தனை தடவை இதையே எழுதுகிறேன் என்று எனக்கும் தெரிகிறது. தாத்தா, பெரியப்பா விஷயம் நினைத்து அப்பா பயப்படுகிறார் என்று நீ எண்ணியிருப்பாய். அது மட்டும் இல்லை.

நீ கடைசி வருடப் பரீட்சை எழுதியபோது, ஆடிட் வேலை என்று நான் ஐந்து நாள் வெளியூர் போனேனே, நான் எங்கும் போகவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தேன். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்தார்கள். எனக்கு அப்போது 51. வார்டிலிருந்துதான் உன்னோடு பேசினேன். "பீப் பீப்னு என்னப்பா சத்தம்?" என்று கேட்டாய், ஆபீஸ் மெஷின் என்றேன். காலையில் விட்டமின் என்று சொல்லி நான் போடுகிற மாத்திரைகள் எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும். அம்மாவைக் கோபிக்காதே, சத்தியம் வாங்கியது நான்.

பரீட்சை முடியட்டும் என்றுதான் முதலில் மறைத்தேன். முடிந்தது. வேலை கிடைக்கட்டும் என்றேன், கிடைத்தது. அப்புறம் சொல்லாமல் இருப்பதே பழகிவிட்டது. அப்பாவுக்கு 55 வயதுக்குள் இப்படி வந்திருந்தால் பிள்ளையைப் பார்க்கும் மருத்துவர் அதைக் கட்டாயம் குறித்துக்கொள்வார். உன்னிடம் கேட்டிருந்தால் இல்லை என்று எழுதியிருப்பாய். அந்தப் பெண் தன்னோடு வேலை பார்த்தவர்களிடம் தன் நோயைச் சொன்னாள். நான் பெற்ற பிள்ளையிடம் சொல்லவில்லை.

அன்றைக்கு நீ மாரத்தான் என்றதும் என் கண்முன் வந்தது அந்த வார்டு. வாயில் வந்ததோ "நீ ஓடினா அந்தப் பொண்ணு திரும்பி வந்துடுமா?" அதைச் சொன்ன வாய்க்கு மன்னிப்புக் கேட்க போனில் வரவில்லை. இங்கே கேட்கிறேன்.

மாரத்தானில் இதயம் நின்றுபோவது சுமார் ஒரு லட்சம் பேரில் ஒருவருக்குத்தான் என்று படித்தேன். அதைப் படித்த பிறகும் தூக்கம் வரவில்லை. ஆனால் ஓடாதே என்று நான் சொல்லமாட்டேன்.

வீட்டுச் செய்தி நிறைய இருக்கிறது, தம்பி விஷயமெல்லாம் அம்மா சொல்வாள். என் ஆஞ்சியோ ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி இரண்டின் நகலும் இதோடு வைத்திருக்கிறேன். மருத்துவரிடம் இதைத்தான் முதலில் காட்டு.

அப்புறம், 30-வது கிலோமீட்டர் எந்த இடத்தில் வரும் என்று விசாரித்துச் சொல். நானும் அம்மாவும் அங்கே வந்து நிற்கலாமா? நீ வேண்டாம் என்றால் வரமாட்டோம். எதுவானாலும் அம்மாவிடம் சொல்லி அனுப்பாமல் என்னிடமே சொல்.

அப்பா